மீன் வாடை இல்லாத பரிசல்

மாரக்காள் வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதலாக அந்த வீட்டில் வெறுத்தது ஒன்றே ஒன்றைத்தான். மீனெண்ணெய் வாடை.

மேச்சேரிப் பக்கத்து மேட்டாங்காட்டில் ஆட்டு மந்தையோடு வளர்ந்தவள் அவள். காவிரியையே கல்யாணத்தன்றுதான் பார்த்தாள். பள்ளிபாளையத்துக்கு வடக்கே இருந்த அந்தச் சின்னத் துறையில் அவள் புருஷன் காளியண்ணன்தான் பரிசல்காரன். மூங்கில் கூடையின் அடியில் மாட்டுத்தோலைப் போர்த்தித் தைத்த பெரிய பரிசல். மாதம் தவறாமல் அந்தத் தோலுக்கு மீனெண்ணெய் பூச வேண்டும். மலையாளக் கரையில் மத்தி மீனை வேக வைத்துப் பிழிந்த எண்ணெய், தகர டின்னில் அடைபட்டு ரயிலேறி ஈரோட்டுக்கு வரும். அதை இளஞ்சூடாக்கி, பழந்துணியில் தொட்டு, பரிசலை நிழலில் கவிழ்த்து வைத்து, தோல் குடிக்கக் குடிக்கத் தேய்ப்பார்கள். எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டால் தோல் வளைந்து கொடுக்கும். தண்ணீரை உள்ளே விடாது.

ஆனால் அந்த வாடை! காளியண்ணன் கையில், வேட்டியில், படுக்கிற பாயில், சில நாள் சோற்றில்கூட. “உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு மீனைக் கட்டியிருக்கலாமுங்க” என்று அவள் சொல்லாத மாதமில்லை.

இந்த மாதம் சொல்லவில்லை. காளியண்ணன் காய்ச்சலில் விழுந்து கிடந்ததால், பரிசலுக்கு எண்ணெய் பூசும் வேலையைத் தம்பி குழந்தைவேல் ஏற்றுக்கொண்டான். ஈரோடு போய் டின்னும் வாங்கி வந்தான். பூசியும் முடித்தான். வீட்டில் வாடையே இல்லை. சின்னவனுக்குச் சுத்தம் தெரிந்திருக்கிறது என்று மாரக்காள் மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அன்று காலைதான் அவளுக்குத் தெரிந்தது.

பிரசவத்துக்கு வந்திருந்த நாத்தனார் ராசாத்திக்கு, நாள் இன்னும் இருக்கும்போதே விடிகாலையில் வலி எடுத்தது. மருத்துவச்சி முத்தாயம்மாள் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

“புள்ளை குறுக்கால கெடக்குது. இது என்ர கையில ஆவாது சாமி. ஈரோட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும். இப்பவே.”

காளியண்ணன் போர்வையை உதறிவிட்டு எழுந்தான். உடம்பு இன்னும் கொதித்தது. மூக்கு அடைத்துக் குரல் மாறியிருந்தது.

“தம்பி எங்கே?”

“இருட்டுலயே எந்திரிச்சுப் போனானுங்க. எங்கேன்னு சொல்லல” என்றாள் மாரக்காள்.

“செரி, நானே போறேன்.”

“ஏனுங்க, இந்த ஒடம்போட, இந்தத் தண்ணியில...”

மைசூர்ப் பக்கம் நல்ல மழை. மேட்டூர் அணை நிரம்பி வழிகிறது என்று முதல் நாளே தண்டோரா போட்டிருந்தார்கள். ஆறு செம்மண் நிறத்தில் கரையைத் தின்றுகொண்டு போயிற்று. அடுத்த துறையில் ஓடம் கேட்டு மேலே நடந்தால் மத்தியானம் ஆகிவிடும்.

ராசாத்தி அதற்குள் தன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணா, எனக்குப் பயமா இருக்குதுங்க.”

“பயப்படாதே அம்மிணி. அப்பாரு போனாலும் ஆறு நம்மளுதுதான்” என்றான் காளியண்ணன்.

அவர்களுடைய அப்பாவை இரண்டு வருஷத்துக்கு முன் இதே ஆறுதான் கொண்டு போயிற்று. அதை அவன் அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாம்.

ராசாத்தியைப் பரிசலில் ஏற்றியதும் முத்தாயம்மாளும் கூட ஏறிக்கொண்டாள். பரிசல் ஒரு சுற்றுச் சுற்றி, துடுப்பின் இழுப்புக்கு அடங்கி, கரையோரமாகவே மேலே போயிற்று. கொஞ்ச தூரம் மேலே போய்த்தான் குறுக்கே திரும்ப வேண்டும். வெள்ளம் கீழே இழுத்துக்கொண்டே போவதால், அப்போதுதான் எதிர்க்கரைத் துறையில் சேரலாம். தவறினால் கீழே ரயில் பாலத்துத் தூண்கள். அந்தத் தூண்களின் அடியில் தண்ணீர் குமுறும் ஓசை வீடு வரைக்கும் கேட்கும்.

மாரக்காள் வீட்டுக்குத் திரும்பினாள். மூன்று வயது மகள் பக்கத்து வீட்டு நல்லம்மாள் மடியில் உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தது. மாரக்காள் ராசாத்தியின் துணிகளை மடித்தாள். வாசல் வேலியில் ஒரு தோல் துண்டு காய்ந்தபடி கிடந்தது. பரிசலில் ஒட்டுப்போட வெட்டிய தோல். குழந்தைவேல் பரிசலோடு சேர்த்து இதற்கும் எண்ணெய் பூசி வெயிலில் போட்டிருந்தான். ஓரமாக எடுத்து வைக்கலாமென்று அதை மடக்கினாள்.

அது அப்பளம்போல முறிந்தது.

மாரக்காள் ஆட்டுக்காரர் மகள். தோல் என்றால் அவளுக்குக் கைப்பழக்கம். எண்ணெய் குடித்த தோல் முறியாது. துண்டை மூக்கருகே கொண்டு போனாள். மீன் இல்லை. புங்கெண்ணெயும், கூடவே தார் மாதிரி ஏதோ ஒரு கசண்டும். மேலே பளபளப்பு, உள்ளே வெறுந்தோல், எலும்பாக வெளுத்திருந்தது.

இதே எண்ணெய் பூசிய பரிசலில்தான் மூன்று பேர் ஆற்றில் இருக்கிறார்கள்.

துண்டைக் கையில் பிடித்தபடியே ஆற்றை நோக்கி ஓடினாள். துறை இறக்கத்தில் எதிரே குழந்தைவேல் வந்தான். வெளுத்த சட்டை போட்டு, தலையைப் படியச் சீவியிருந்தான். அவளைப் பார்த்ததும் நின்றான். அவள் கையிலிருந்ததைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறியது.

“அண்ணி, பரிசல் எங்கேங்க?”

“உங்கண்ணன் எடுத்துட்டுப் போயாச்சு. ராசாத்தியும் முத்தாயம்மாளும் அதுலதான் போறாங்க.”

“ஐயோ!”

“இது என்னத்தைப் பூசுனது? சொல்லு, என்னத்தைப் பூசுன?”

“ஈரோட்டுல மீனெண்ணையே இல்லீங்க அண்ணி. சண்டை வந்ததுலருந்து தோல் பதனிடற ஷாப்புக்காரங்க பட்டாளத்துப் பூட்ஸுக்குன்னு வார டின்னையெல்லாம் வாரிக்கிறாங்க. சந்தைக் கோடியில ஒருத்தன் குடுத்தான். டின்னுக்கு மேல மட்டும் மீனெண்ணை தடவியிருந்தான். ஊட்டுக்கு வந்து தொறந்தப்பத்தான் தெரிஞ்சுது.”

“தெரிஞ்சுமா பூசுன?”

அவன் ஆற்றைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

பரிசல் நடு ஆற்றை எட்டியிருந்தது. தூரத்தில் அது ஒரு மிதக்கும் சட்டிபோல்தான் தெரிந்தது. அதில் ஒரு உருவம் குனிந்து குனிந்து நிமிர்ந்தது. முத்தாயம்மாள். கையில் சொம்பு. தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே கொட்டுகிறாள்.

“தண்ணி ஏறுது” என்றான் குழந்தைவேல்.

பரிசல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. காளியண்ணன் எதிர்க்கரையை விட்டுவிட்டான். நடு ஆற்றில் நாணல் முளைத்த பாறைத் திட்டு ஒன்று உண்டு. துடுப்பை அதற்கு நேராக வீசிக்கொண்டிருந்தான். வெள்ளம் அவனைத் திட்டைத் தாண்டி இழுக்கப் பார்த்தது. மாரக்காள் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் பரிசல் பாறையில் முட்டி நின்றது. காளியண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து, விளிம்பைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். மருத்துவச்சி ராசாத்தியை இழுத்துப் பாறை மேல் ஏற்றினாள்.

“பெரியசாமியோட சின்னப் பரிசல் இருக்குது” என்றாள் மாரக்காள். “வா.”

குழந்தைவேல் நகரவில்லை.

“வாடா!”

அவள் அவனை ஒருமையில் கூப்பிட்டாலும் ‘டா’ போட்டதில்லை. அவன் திடுக்கிட்டு ஓடிவந்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியசாமி மீன் பிடிக்கிற பரிசல் அது. மூன்று பேருக்கு மேல் தாங்காது. கவிழ்ந்து கிடந்ததைப் புரட்டியபோது குப்பென்று மீனெண்ணெய் வாடை அடித்தது. மாரக்காள் அதை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டாள். தோலை அழுத்திப் பார்த்தாள். மெத்தென்று உள்ளே போய் மீண்டது.

“நீங்க வராதீங்க அண்ணி. உங்களுக்கு நீச்சல் தெரியாது.”

“தண்ணி மொள்ள ஆளு வேணும். தள்ளு.”

ஆற்றுக்குள் போன பிறகுதான் அவளுக்குத் தண்ணீரின் பலம் தெரிந்தது. கரையில் நின்று பார்க்கும்போது அது ஓடுகிறது. உள்ளே போனால் இழுக்கிறது. பரிசல் சுழன்றது. வானமும் கரையும் இடம் மாறின. வேரோடு வந்த ஒரு முள்மரம் கை நீட்டுகிற தூரத்தில் உருண்டு போயிற்று. அவள் மூங்கில் விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. குழந்தைவேல் முட்டி போட்டுத் துடுப்பு வீசினான். அவனுக்குப் பல் கிட்டித்திருந்தது.

“அண்ணி, ஒண்ணு சொல்லோணும்.”

“இப்பவா?”

“இப்பச் சொல்லலைன்னா எப்பவும் சொல்ல மாட்டேன். நான் பட்டாளத்துல சேர்ந்துட்டேனுங்க. அன்னைக்கு எண்ணை வாங்கப் போனபோதே பேர் குடுத்துட்டேன். அந்த அவசரத்துலதான் டின்னைக்கூடத் தொறந்து பாக்கல. இன்னைக்கு மத்தியான ரயிலு. காலையில கோயிலுக்குப் போய்ச் சாமி கும்பிட்டுட்டு, துணியெடுக்கத்தான் ஊட்டுக்கு வந்தேன்.”

மாரக்காள் அவனையே பார்த்தாள். கேட்பதற்கு ஆயிரம் இருந்தது. ஒன்றுதான் வாயில் வந்தது.

“சண்டையில சாவாங்கன்னு தெரியாதா உனக்கு?”

“தெரியுமுங்க. எனக்கு இந்த ஆத்தைக் கண்டாத்தான் பயம். அப்பாரு போன பொறகு இதுல கால் வைக்கிறப்பெல்லாம் ஒடம்பு நடுங்குது. அண்ணங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? பரிசல்காரன் ஊட்டுல பொறந்துட்டு ஆத்தைக் கண்டா பயம்னு எப்படிச் சொல்லுவேன்?”

துடுப்புப் பிடித்த அவன் கை வெடவெடவென்று நடுங்குவதை அப்போதுதான் அவள் கவனித்தாள். அப்படி நடுங்கிக்கொண்டேதான் அவன் பரிசலைத் திட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

பாறையில் ராசாத்தி வாயில் முந்தானையைக் கவ்விக்கொண்டு கிடந்தாள். பெரிய பரிசலின் தோல் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, மூங்கில் கூடை வழியாக ஆறு போய்வந்துகொண்டிருந்தது. காளியண்ணன் இன்னும் அதை விடவில்லை. வலது தோள் இறங்கிப்போய்த் தொங்கியது.

தம்பியைப் பார்த்ததும், “மொதல்ல ராசாத்தியை ஏத்து” என்றான்.

ராசாத்தி, முத்தாயம்மாள், துடுப்புப் போட ஒருவன். அவ்வளவுதான் அந்தப் பரிசல் கொள்ளும்.

“அண்ணி, நீங்க?”

“நான் இங்கேயே இருக்கறேன். நீ வெசையாப் போ.” பரிசலைத் தள்ளிவிடும்போது மாரக்காள் அவன் கண்ணைப் பார்த்தாள். ரயிலுக்குப் போய்விடாமல் திரும்பி வா என்று சொல்ல நினைத்தாள். புருஷன் பக்கத்தில் நின்றான். சொல்லவில்லை.

சின்னப் பரிசல் சுழன்று சுழன்று எதிர்க்கரைப் பக்கம் தேய்ந்து மறைந்தது.

அதற்குப் பிறகு திட்டில் அவர்கள் இருவர்தான். காளியண்ணன் கடைசியாகப் பெரிய பரிசலை விட்டான். அது உருண்டு, மிதந்து, பாலத்துப் பக்கமாகப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் தூணில் மூங்கில் முறியும் சத்தம் கேட்டது.

தண்ணீர் நாணலின் இடுப்பில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாணலின் தோளுக்கு வந்தது. மாரக்காள் உட்கார்ந்திருந்த இடம் நனைந்தது. எழுந்து நின்றாள். பிறகு நின்ற இடமும் நனைந்தது. புருஷனின் இடது தோளோடு ஒண்டிக்கொண்டாள். காய்ச்சலில் அவன் உடம்பு அடுப்பாகச் சுட்டது.

“அது மீனெண்ணை இல்லை” என்றான் காளியண்ணன் தண்ணீரைப் பார்த்தபடியே. “மூக்கு அடைச்சிருந்துச்சு. தெரியாமப் போச்சு. கையில தொட்டாவது பாத்திருக்கோணும்.”

“எனக்கு மூக்கு நல்லாத்தானுங்க இருந்துச்சு. வாடை இல்லைன்னு சந்தோசப்பட்டேன்.”

அவன் சிரிக்க முயன்றான். வலியில் முகம் கோணியது.

“அவன் வந்துருவான்” என்றான்.

மாரக்காள் வீட்டுக் கரையைப் பார்த்தாள். மகள் இந்நேரம் அம்மாவைத் தேடி நல்லம்மாள் வீட்டு வாசலில் நிற்கும். சாப்பிட்டிருக்குமா? இரண்டு பேரும் போய்விட்டால் அது யார் கையில் வளரும்? அந்த நினைப்பைத் தள்ளத் தள்ள அது திரும்பி வந்தது.

அப்போது ஈரோட்டுப் பக்கமிருந்து ரயில் ஊதியது.

பாலத்தின் மேல் கரும்புகை தெரிந்தது. பெட்டி பெட்டியாக ரயில் ஆற்றைக் கடந்தது. ஜன்னல்களில் காக்கிச் சட்டைகள், கையசைக்கும் பையன்கள். வெள்ளம் பார்க்கிற வேடிக்கையில் அவர்கள் கூவியது காற்றில் வந்தது. மாரக்காள் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாள். வெளுத்த சட்டை ஒன்று தெரிந்த மாதிரி இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது. கடைசிப் பெட்டியும் போய்ப் புகை மட்டும் நின்றது.

போய்விட்டான் என்று நினைத்தாள். அவனைத் திட்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. நடுங்கிய அந்தக் கைதான் கண்ணுக்குள் நின்றது.

“ஏன் புள்ளை அழுவறே?” என்றான் காளியண்ணன்.

“தண்ணி கண்ணுல தெறிச்சுருச்சுங்க.”

முழங்காலுக்குத் தண்ணீர் வந்தது. காளியண்ணன் நல்ல கையால் நாணல் கொத்து ஒன்றைச் சேர்த்து முறுக்கி, அவள் இடுப்புச் சீலையோடு பிணைத்துக் கட்டினான். பாறையோடு இருக்கட்டும் என்பதற்காகவா, உடம்பாவது கிடைக்கட்டும் என்பதற்காகவா என்று அவள் கேட்கவில்லை.

“அதோ பாருங்க!” என்று அவள்தான் முதலில் கத்தினாள்.

மேலே, வெகு தூரத்தில், ஒரு கறுப்புப் புள்ளி ஆற்றின் குறுக்கே சரிந்து வந்துகொண்டிருந்தது. துடுப்பு ஒழுங்கில்லாமல் விழுந்தது. பயந்தவன் போடுகிற துடுப்பு. ஆனாலும் நிற்காமல் விழுந்தது.

எதிர்க்கரையில் ஏறியபோது மாரக்காளின் கால் மண்ணில் நிற்கவில்லை. இன்னும் ஆற்றில் இருப்பதுபோலவே ஆடியது. ஆஸ்பத்திரி வரைக்கும் யாரோ ஒரு புண்ணியவான் மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டார். வண்டியில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

“தெரிஞ்சே பூசுனியா?” என்றான் காளியண்ணன்.

“ஆமாங்கண்ணா.”

காளியண்ணனின் இடது கை உயர்ந்தது. குழந்தைவேல் முகத்தைத் திருப்பாமல் காத்திருந்தான். அந்தக் கை அப்படியே நின்று, இறங்கி, தம்பியின் ஈரத் தலையில் விழுந்தது.

“ஏண்டா சொல்லல?”

“பயமா இருந்துச்சுங்கண்ணா.”

“எங்கிட்டயா பயம்?”

குழந்தைவேல் வாயைத் திறந்தான். மற்றதையும் சொல்லிவிடப் போகிறான் என்று மாரக்காளுக்குத் தெரிந்துவிட்டது. புருஷன் குளிரில் பல் அடிக்க உட்கார்ந்திருந்தான். இன்னும் ஒரு அடியை இன்றைக்கு அவன் தாங்க மாட்டான்.

“ஒடம்பு கொதிக்குதுங்க உங்களுக்கு. பேச்செல்லாம் பொறகு” என்று அவள் குறுக்கே விழுந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் முத்தாயம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவர்களைக் கண்டதும் எழுந்து வந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

“ஆம்பளைப் புள்ளை. வயித்தைக் கீறித்தான் எடுத்தாங்க. அழுதுருச்சு சாமி, நல்லா அழுதுருச்சு. ராசாத்தி கண்ணு முழிச்சு அண்ணன் எங்கேன்னு கேட்டா.”

காளியண்ணன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். டாக்டர் வந்து அவன் தோளைத் தொட்டுப் பார்த்துக் கட்டுப் போட்டார். இந்த வருஷம் முழுக்க அந்தக் கையால் துடுப்புத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

“செரி” என்றான் காளியண்ணன். தம்பியைப் பக்கத்தில் கூப்பிட்டான். “புதுப் பரிசல் கட்டோணும். நல்ல எண்ணைக்கு நாமளே கோழிக்கோடு போனாலும் செரி. இனிமே துறை உன்ர கையில. நீ இருக்கறதுனாலதான் எனக்குத் தெகிரியம்.”

குழந்தைவேல் தலையை மட்டும் அசைத்தான்.

காளியண்ணன் தங்கையைப் பார்க்க உள்ளே போனதும் மாரக்காள் குழந்தைவேலைச் சுவரோரமாக இழுத்தாள்.

“ரயிலை விட்டுட்டா என்ன ஆவும்?”

“பேர் குடுத்துட்டு வராதவனைப் புடிச்சு ஜெயில்ல போடுவாங்களாமுங்க.”

“நீ எந்த ஊருன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

குழந்தைவேல் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“ஊரு, துறை, அண்ணன் பேரு, எல்லாம் சொல்லியிருக்கேனுங்க அண்ணி. தேடுனா நேரா நம்ம துறைக்குத்தான் வருவாங்க.”